புரொபசரின் மைத்துனி கணக்குப் படித்தாள்

அந்தக் குடும்பத்தில் அவருக்குப் பெயர் கிடையாது. புரொபசர், அவ்வளவுதான். மாமனார் இருந்தவரை அவரை அப்படித்தான் அழைத்தார். கட்டிக்கொண்ட மனைவியும் அப்படித்தான் அழைக்கிறாள். "புரொபசர் குளிச்சிட்டார், தட்டை எடுத்து வை." "புரொபசர் தூங்குறார், மெதுவா பேசு." பக்கத்து வீட்டு நாய்கூட மாப்பிள்ளையைக் கண்டால் குரைப்பதில்லை என்று மாமனார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். நாய்க்கும் கணக்கென்றால் பயம் என்பதைத் தவிர அதில் என்ன பெருமை இருக்கிறது என்று சின்னவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சின்னவள் என்பது புரொபசருடைய மனைவியின் தங்கை. அந்த வீட்டில் அவளுக்கும் பெயர் கிடையாது. ஆனால் அது மரியாதையால் வந்த இழப்பு அல்ல.

பள்ளி முடித்த வருஷம் அவள்தான் வகுப்பில் கணக்கில் முதலாவது. மேலே படித்தால் கணக்குத்தான் என்று வீட்டில் சொன்னாள். அப்பாவுக்குச் சம்மதம்தான். இருந்தாலும் வீட்டுக்குப் புதிதாக ஒரு கணக்குப் புரொபசர் மாப்பிள்ளையாக வந்திருக்கும்போது அவரைக் கேட்காமல் எப்படி? கேட்டார். அவர் அப்போது மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முள்ளை ஒவ்வொன்றாக உருவித் தட்டின் ஓரத்தில் ஒரே அளவு இடைவெளியில் அடுக்கி வைப்பது அவர் வழக்கம். கடைசி முள்ளையும் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"கணக்கு படிக்க மூளை மட்டும் பத்தாது மாமா. உட்காருற பொறுமை வேணும். இது ஓடுற குதிரை. ஏதாவது கைத்தொழிலாப் பார்த்து சேர்த்துவிடுங்க."

குதிரை டைப்பிங் வகுப்பில் சேர்க்கப்பட்டது. பிறகு ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசை வேலை. பிறகு குளிர்பதன லாரி ஓட்டும் ஒரு நல்ல மனுஷனோடு கல்யாணம், ஒரு மகள். இப்படியே காலம் ஓடியது. சின்னவள் வரும் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குவாள், எக்ஸ்ரே படங்களை உறையில் போடுவாள், பயந்தவர்களைச் சமாதானப்படுத்துவாள். பயத்தை மறைக்க அதட்டுகிறவர்களையும்தான். அப்படி அதட்டுகிறவர்களில் பாதிப்பேர் எங்கோ ஒரு இடத்தில் பெரிய மனிதர்கள் என்பதை அவள் சீக்கிரமே கவனித்துவிட்டாள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அப்பா போன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. கூடத்தில் நீள மேசை, அதன் தலைமாட்டில் புரொபசர். பிள்ளைகளைப் பார்த்தால் புதிர் போடுவார். ஒரு குழந்தை பதில் சொல்ல வாயைத் திறக்கும்போதே, "தப்பு. அடுத்தது நீ" என்பார். சரியான பதிலைக் கடைசியில் தானே சொல்லி, தானே சிரிப்பார். அக்கா இரண்டாவது சிரிப்பாள். மற்றவர்கள் அதன் பின்னால் வரிசையாகச் சிரிப்பார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு. சின்னவளின் மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருந்தாள். சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னாள்: "பெரியப்பா, நான் கணக்கு எடுக்கலாம்னு பார்க்கிறேன்."

புரொபசர் மீன் முள்ளை அடுக்கி முடித்தார்.

"கணக்கு படிக்க மூளை மட்டும் பத்தாதும்மா. உட்காருற பொறுமை வேணும். இது ஓடுற குதிரை. ஏதாவது கைத்தொழிலாப் பார்க்கச் சொல்லு உங்க அம்மாவை."

மகளுக்கு அது உறைக்கவே இல்லை. தோளைக் குலுக்கிவிட்டு இன்னொரு துண்டு மீன் எடுத்துக்கொண்டாள். சின்னவளுக்குத்தான் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இருபது வருஷமாக அவள் அந்த வாக்கியத்தைத் தன்னைப் பற்றிய தீர்ப்பு என்று நினைத்திருந்தாள். ஒரு பெரிய மனுஷன் தன்னை ஊன்றிப் பார்த்து, எடைபோட்டு, குறையைக் கண்டு சொன்ன வார்த்தை என்று நினைத்து ராத்திரிகளில் புழுங்கியிருக்கிறாள். கடைசியில் பார்த்தால் அது கடை வாசலில் தொங்கும் பலகை மாதிரி, யார் வந்தாலும் அதே எழுத்து. இத்தனை வருஷத்தில் குதிரையைக்கூட மாற்றவில்லை மனுஷன். ஒரு கழுதையாவது, ஒரு ஆடாவது போட்டிருக்கலாம்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவள் புருஷனிடம் சொன்னாள்: "நான் காலேஜ்ல சேரப்போறேன். கணக்குப் படிக்க."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். "எதுக்கு?"

"அந்த ஆளோட மூஞ்சியில கரி பூசணும்."

"அதுக்கு டிகிரி எதுக்கு? என் லாரி டேங்க்கைத் துடைச்ச துணியே கிடக்கு," என்றான் அவன். ஆனால் மறுவாரம் அவனே அவளை மாலைநேரக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுப் போனான்.

மாலைநேரக் கல்லூரி என்றால் பகலில் வேறு பள்ளிக்கூடமாக இருந்து, சாயங்காலம் விளக்குப் போட்டதும் கல்லூரியாக மாறும் கட்டடம். பெஞ்சுகள் குழந்தைகளுக்கு அளவெடுத்தவை. முழங்காலை எங்கே வைப்பது என்பதே முதல் பாடம். கூடப் படித்தவர்களைப் பார்த்ததும் சின்னவளுக்கு மனசு சோர்ந்துபோனது. பதவி உயர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும் என்று வந்த போலீஸ்காரர் ஒருவர். இருக்கிறதிலேயே கூட்டம் குறைந்த பாடம் இதுதான் என்று தெரிந்து சேர்ந்தவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு காப்பீட்டு ஏஜென்ட். கணக்கு அவருக்கு இரண்டாம் பட்சம், வகுப்பில் யாருக்கு இன்னும் பாலிசி இல்லை என்பதுதான் முதல் பட்சம். மூன்றாவது வரிசையில் இரண்டு பையன்கள் நிரூபணங்களைப் பாட்டு மாதிரி ராகம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

பாடம் நடத்த வந்தவர் இவளைவிடப் பத்து வயதாவது சின்னவர். வகுப்புக்குள் நுழைந்ததும் கரும்பலகையைப் பார்த்துத் திரும்புவார். மணி அடித்தபின்தான் அந்தப் பக்கத்திலிருந்து மீள்வார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'முதுகு'. முதுகு மெதுவாகப் பேசும், வேகமாக எழுதும், எழுதியதை இடது கையால் அழிக்கும். சின்னவள் முதல் மாதம் முழுக்க அந்த முதுகை வெறுத்தாள். மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்கக் கற்றுக்கொள்கிறோம் என்று கிளினிக் டாக்டரிடம் சொன்னாள்.

முதல் தேர்வில் அவள் தேறவில்லை. போலீஸ்காரர் தேறினார்.

அது அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பள்ளிக்கூடத்துக் கணக்கு என்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கே கணக்கில் எண்ணே இல்லை. 'எவ்வளவு சிறிய எண்ணைக் கொடுத்தாலும்' என்று ஒரு வாக்கியம் தொடங்கும். 'அதற்குத் தகுந்த இன்னொரு எண் உண்டு' என்று முடியும். இடையில் என்ன நடக்கிறது என்பது ஊமை கண்ட கனவு மாதிரி. உண்மையில் நான் ஓடுகிற குதிரைதானோ என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அந்தச் சந்தேகத்தின் குரல் அத்தானுடைய குரல் மாதிரியே இருந்ததால் அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

புரிந்தது கிளினிக்கில்தான். ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"கொஞ்ச நேரம் சார்."

"கொஞ்சம்னா எவ்வளவு கொஞ்சம்? எனக்குக் கொஞ்சம்னா ரெண்டு நிமிஷம். உங்களுக்குக் கொஞ்சம்னா சாயங்காலம்."

சின்னவள் அவரையே பார்த்தாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பதைக் கேட்கிறவன்தான் முதலில் சொல்லவேண்டும். அவன் எவ்வளவு கஞ்சத்தனமாகக் கேட்டாலும், அதற்குள் அடங்குவதற்கு இன்ன தூரம் கிட்டே வந்தால் போதும் என்று நான் காட்டவேண்டும். ஒருத்தனுக்குக் காட்டினால் போதாது, கேட்கிற எல்லாருக்கும் காட்டவேண்டும். அவள் நேரச்சீட்டின் பின்பக்கத்தில் கடகடவென்று எழுத ஆரம்பித்தாள். பெரியவர் அது தன்னுடைய சீட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு முதுகின் பேச்சு அவளுக்குக் கேட்கத் தொடங்கியது. அந்த மனுஷன் கரும்பலகையோடு பேசிக்கொண்டிருக்கவில்லை, ஒவ்வொரு வரியும் ஏன் வருகிறது என்று தன்னையே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கூச்ச சுபாவம் என்பதால் அந்தச் சண்டையை எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நடத்தினார், அவ்வளவுதான்.

இரண்டாம் வருஷம் ஒரு நிரூபணத்தில் அவள் மாட்டிக்கொண்டாள். அறுபடாமல் தொடர்ந்து செல்லும் சார்பு எதுவும், ஓர் இடைவெளிக்குள், ஏதோ ஒரு மேல்வரம்பைத் தாண்டாது என்பது தேற்றம். வகுப்பைத் தவறவிட்டிருந்தாள், போலீஸ்காரரின் குறிப்பைப் பார்த்து எழுதியிருந்தாள். ஒரு வாரம் முட்டி மோதியும் நகரவில்லை. அந்த ஞாயிறு, வேறு வழியில்லாமல், சாப்பாட்டு மேசையில் புரொபசரிடமே கேட்டாள். அதைக் கேட்க அவள் எவ்வளவு எச்சிலை விழுங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

புரொபசர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதையா கேட்க வந்த? ரெண்டு வரி. வெளிப்படை. இதுவே வரலைன்னா, சின்னவளே, மேல போகாதே. உடம்புக்கு ஆகாது."

மேசை சிரித்தது. அக்கா இரண்டாவதாகச் சிரித்தாள்.

அந்த ரெண்டு வரியைத் தேடிச் சின்னவள் இன்னும் ஒரு வாரம் தூக்கத்தைத் தொலைத்தாள். கடைசியில் வகுப்பு முடிந்து முதுகு திரும்பிய அந்த ஒரு நொடியில் மடக்கிப் பிடித்துக் கேட்டாள்.

அவர் குறிப்பைப் பார்த்தார். "மேடம், இடைவெளியோட முனை ரெண்டும் உள்ள சேர்ந்திருக்கா, இல்லையா?"

"அப்படி ஒண்ணும் எழுதலையே சார்."

"அப்போ இது பொய்." அவர் பலகையில் ஒரு கோடு வரைந்தார். ஒன்றை எக்ஸால் வகுத்தால் வரும் கோடு. எக்ஸ் பூஜ்யத்தை நெருங்க நெருங்க அது சுவரில் ஏறும் பல்லி மாதிரி மேலே போய், பலகையைத் தாண்டிவிட்டது. "எங்கயும் அறுபடலை. வரம்பும் இல்லை. முனையைச் சேர்த்தாத்தான் தேற்றம். நீங்க ஒரு வார்த்தையை விட்டுட்டீங்க. பொய்க்கு எப்படி நிரூபணம் வரும்?"

சின்னவள் பலகையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சின்ன பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முதுகு பயந்துபோய்க் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரெண்டு வரியாம். வெளிப்படையாம். இல்லாத ஒன்றுக்கு.

அன்றுவரை அவள் புரொபசரைக் கீழே நின்று அண்ணாந்து வெறுத்தாள். அன்று அந்த வெறுப்பு இடம் மாறியது. இனி மேலே நின்று குனிந்து பார்க்கலாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். அப்படி ஒரு சந்தோஷமான நடை அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

இங்கே நின்றிருந்தால் கதை அவளுக்குக் கௌரவமாக முடிந்திருக்கும். ஆனால் ருசி கண்ட பூனை நிற்குமா? அடுத்த மாதம் வேண்டுமென்றே ஒரு பொய்த் தேற்றத்தை எடுத்துக்கொண்டு போனாள். "அத்தான், ஒரு புள்ளியில சாய்வு மேல்நோக்கி இருந்தா, அந்தப் புள்ளியைச் சுத்திக் கொஞ்ச தூரமாவது கோடு ஏறிக்கிட்டேதான இருக்கும்?" என்று அப்பாவியாகக் கேட்டாள். "அதுல என்ன சந்தேகம்?" என்றார் அவர். சந்தேகம் இருந்தது. மேலும் கீழும் விடாமல் நடுங்கிக்கொண்டே அந்தப் புள்ளியைக் கடக்கும் கோடு ஒன்று அவள் பையில் தயாராக இருந்தது. அதை அவள் எடுத்துக் காட்டவில்லை. "சரி அத்தான்" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து புருஷனிடம் நடித்துக் காட்டினாள். அவன் பாதிதான் சிரித்தான்.

"தெரியாம இருக்கிறது தப்பா?" என்று கேட்டான். "லாரியில எனக்குத் தெரியாத சத்தம் ஆயிரம் வருது."

"தெரியலைன்னு நீ சொல்லுவ. அந்த ஆள் சொல்ல மாட்டார்."

மாதாமாதம் நடந்தது. எந்தப் பொய்யும் அவருக்கு வெளிப்படைதான். பொய்களைத் தயாரிக்க அவள் பாடத்தைவிட அதிகம் படிக்கவேண்டியிருந்தது. எந்த வார்த்தையை உருவினால் தேற்றம் உடையும் என்று தேடித் தேடியே ஒவ்வொரு தேற்றத்திலும் எந்த வார்த்தை எதற்காக நிற்கிறது என்பது அவளுக்கு அத்துப்படியானது. அந்த வருஷம் தேர்வில் போலீஸ்காரர் அவளுக்குப் பின்னால் வெகு தூரத்தில் இருந்தார். மூன்றாவது வரிசைப் பையன்கள் பாட்டை நிறுத்திவிட்டு அவளிடம் சந்தேகம் கேட்க வந்தார்கள். அவர்களுக்கு அவள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாளா என்றால், அதுவும் இல்லை. புருவத்தைத் தூக்கிவிட்டுத்தான் சொல்வாள்.

புரொபசர் தன் கல்லூரிக்கு முதல்வர் ஆனார். முதல்வராகி அவர் முதலில் செய்த காரியம், அறை நாற்காலியை உயரமானதாக மாற்றியது என்று அக்காவே சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். அந்த மாத ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கல்லூரிக்காரர்கள் சிலரையும் அழைத்திருந்தார்கள். அவர்களில் புதிதாகச் சேர்ந்த கணக்கு விரிவுரையாளர் ஒரு சின்னப் பெண். தற்காலிக வேலை. வந்ததிலிருந்து உட்காரவே இல்லை. தண்ணீர் ஊற்றுவதும், தட்டு மாற்றுவதும், முதல்வர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவதுமாக இருந்தாள். சின்னவளுக்கு அதைப் பார்க்க எரிச்சலாக வந்தது. இந்தப் பெண்ணும் ஒரு கூழைக்கும்பிடு என்று முடிவு கட்டினாள்.

சூப்பும் மீனும் வந்ததும் சின்னவள் தன் பொய்யை மேசைமேல் வைத்தாள். "அத்தான், குலம் பத்தி ஒரு சந்தேகம்."

"யாரு குலம்?" என்றார் வந்திருந்த ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"கணக்குல வர்ற குலம். ஒரு குலத்துக்குள்ள அதைவிடச் சின்னதா இருக்கிற ஒவ்வொரு உட்குலத்தையும் ஒரே ஓர் உறுப்பை வெச்சே உண்டாக்கிடலாம்னு வெச்சுக்குங்க. அப்போ முழுக் குலத்தையும் அதே மாதிரி ஒரே உறுப்பை வெச்சு உண்டாக்கிடலாம். சரிதான?"

புரொபசர் இந்த முறை சபைக்காகக் கொஞ்சம் நீட்டிச் சொன்னார். "சின்னது எல்லாம் ஒழுங்கா இருந்தா, பெரியது தானா ஒழுங்கா இருக்கும். வீட்டுக்கும் அதான், காலேஜுக்கும் அதான். வெளிப்படை."

"இல்ல சார், நாலே உறுப்பு இருக்கிற குலத்தை எடுத்தாலே அது உடைஞ்..."

சொன்னது அந்தச் சின்னப் பெண். கையில் சூப் கரண்டி. கணக்கு என்று கேட்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது, கொட்டாவி மாதிரி. பாதியில் அவளுக்கே உறைத்து நிறுத்தினாள். கரண்டியிலிருந்து சூப் சொட்டிக்கொண்டிருந்தது.

"இவளுக்குக் கேள்வியே ஒழுங்கா கேட்கத் தெரியாது," என்றார் புரொபசர் மைத்துனியைக் காட்டி. "என்ன கேட்ட? திருப்பிச் சொல்லு."

சின்னவள் திருப்பிச் சொன்னாள். ஒரு வார்த்தை குறையாமல், ஒரு வார்த்தை கூடாமல்.

புரொபசருக்குத் திடீரென்று யாரிடமோ போனில் பேசவேண்டியிருந்தது. எழுந்து உள்ளே போனவர் சாப்பாடு முடியும்வரை திரும்பவில்லை. அவருடைய தட்டில் பாதி மீன் முள்ளோடு கிடந்தது. சின்னவள் அன்று இரண்டு மடங்கு சாப்பிட்டாள்.

மூன்று மாதம் அக்காவிடமிருந்து அழைப்பு வரவில்லை. பிறகு ஒருநாள் அக்காவே கிளினிக்குக்கு வந்தாள். பல் வலி என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நாற்காலியை முன்மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணை வேலைய விட்டு அனுப்பிட்டாங்க," என்றாள். "வருஷக் கடைசியில தற்காலிக ஆளுங்களைப் புதுப்பிப்பாங்க. இவளை மட்டும் புதுப்பிக்கலை."

சின்னவள் கையிலிருந்த எக்ஸ்ரே உறையைக் கீழே வைத்தாள். "அத்தான் வேலையா?"

"வேற யாரு? உன் வேலையும்தான்." அக்கா குரலை உயர்த்தவில்லை. "நீ மாசாமாசம் ஒரு பொய்யைக் கட்டிக்கிட்டு வந்தது எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச? எனக்குக் கணக்குத் தெரியாது. உன் முகம் தெரியும். அவர் சொன்னதும் உதட்டைக் கடிச்சுக்கிட்டு குனிவ பாரு, சின்ன வயசுல திருடித் தின்னப்போ குனிஞ்ச அதே குனிவு."

"அவருக்கு ஒண்ணுமே தெரியலைக்கா. அதை யாராவது..."

"தெரியாம இல்ல. உள்ள போய் அந்தப் புஸ்தகத்தை எடுத்துப் பார்த்துட்டு, 'ஆமா, இது எனக்குத் தெரியுமே'ன்னார். தெரியும் அவருக்கு. நீ கேட்டதைக் காதுல வாங்கல, அவ்வளவுதான். யார் பேச்சைத்தான் வாங்குறார்? நான் இந்தப் பல்லு வலியை ஒரு மாசமா சொல்றேன்."

பல் வலி நிஜம்தான். டாக்டர் பார்த்துவிட்டுக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தெரியாதவன் மோசமா, தெரிந்தும் காது கொடுக்காதவன் மோசமா என்று யோசித்தாள். இரண்டாவது ஆள்தான் மோசம் என்று தோன்றியது. அதனால் அந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது என்றும் தோன்றியது. அக்கா வலியில் கையை நசுக்கினாள். அவள் விலக்கிக்கொள்ளவில்லை.

கடைசி வருஷம் மாலைநேரக் கல்லூரியில் இயற்கணிதம் எடுக்கப் புதிய ஆள் வந்தது. வாசலில் நின்றவளைப் பார்த்ததும் சின்னவளுக்கு அந்தக் குட்டி பெஞ்சுக்குக் கீழே போய்விடலாமா என்றிருந்தது. அந்தச் சின்னப் பெண்தான். அந்த வட்டாரத்தில் கணக்கு நடத்த வேறு கல்லூரி ஏது?

இங்கே அவள் யாருக்கும் தலையாட்டவில்லை. முகம் பார்த்து நடத்தினாள். கேள்வி கேட்டால் முழுவதும் கேட்டு முடித்து, ஒரு நொடி பொறுத்துத்தான் பதில் சொன்னாள். மூன்றாவது வரிசைப் பையன்கள் பாட்டை அடியோடு மறந்தார்கள். காப்பீட்டு ஏஜென்ட்கூட ஒருநாள் பாலிசியை மறந்து ஒரு கணக்கைப் போட்டுவிட்டார். சின்னவளிடம் மட்டும் அவள் தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை. சில வாரங்கள் தாங்கிக்கொண்டு, பிறகு ஒருநாள் வகுப்பு முடிந்ததும் சின்னவளே போய் நின்றாள்.

"மேடம், என்னைத் தெரியுதா?"

"தெரியுது."

"அன்னிக்கு நான் வேணும்னுதான் அதைக் கேட்டேன். உங்களுக்கு இப்படி ஆகும்னு..."

"அது நல்ல கேள்வி," என்றாள் அந்தப் பெண் துடைப்பானில் சுண்ணப்பொடியைத் தட்டியபடி. "அதை நீங்க எனக்குக் கொண்டுவந்திருந்தா ஒரு வாரம் சந்தோஷமா இருந்திருப்பேன். ஓர் ஆளை மட்டம் தட்டறதுக்குச் செலவழிச்சிட்டீங்க. மீன் சாப்பாடு உங்களுக்கு, வேலை போனது எனக்கு."

"மன்னிச்சிடுங்க."

"அதை வெச்சு நான் என்ன பண்ண?" அவள் பையிலிருந்து விடைத்தாளை எடுத்து நீட்டினாள். "ஆறாவது கணக்கைத் திரும்பப் போடுங்க. ரெண்டாவது வரியில 'வெளிப்படை'ன்னு எழுதியிருக்கீங்க. அது வெளிப்படை இல்ல."

சின்னவள் தாளை வாங்கினாள். அவள் கையெழுத்துதான். காது மடல் சுட்டது. அந்த ஆறாவது கணக்கை அவள் நான்கு முறை போட்டாள். நான்காவதுதான் ஒப்புக்கொள்ளப்பட்டது. பிறகு அந்தப் பெண் ஒன்றொன்றாகக் கணக்குக் கொடுத்தாள், இவள் ஒன்றொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் வேறு எதைப் பற்றியும் பேசிக்கொள்ளவில்லை. சிநேகிதம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு உறுப்புக் குலத்திலிருந்து எட்டு உறுப்புக் குலத்துக்குப் போகும் வழியில் எங்கோ நின்றுகொண்டிருந்தபோது, அன்று அக்கா வீட்டுச் சாப்பாடு என்பதே சின்னவளுக்கு மறந்துபோனது. சாயங்காலம் நினைவு வந்தபோது அவளுக்கே ஆச்சரியம். அத்தானை மறக்க முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

பட்டம் வந்தது. இரண்டாம் வகுப்பு, பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. போலீஸ்காரருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மகள் கணக்குப் பக்கமே போகவில்லை. விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, நாளுக்கு ஒரு நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். "நீ படிச்சது என்னாலதானம்மா?" என்று கேலி செய்வாள்.

அக்கா சின்னவளுக்காக ஒரு சாப்பாடு வைத்தாள். புரொபசர் ஓய்வு பெற்றிருந்தார். உயரமான நாற்காலி கல்லூரியோடு போய்விட்டதால் வீட்டு நாற்காலியில் ஒரு மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார். வந்த சொந்தக்காரர்களிடம் மீன் தட்டுக்கு மேலே கையை அசைத்துச் சொன்னார்: "இவளைக் கணக்குப் பக்கம் திருப்பினதே நான்தான். நான் இல்லேன்னா இவ இன்னும் பல்லு டாக்டர்கிட்ட சீட்டுக் கொடுத்துட்டு இருப்பா."

பல் டாக்டரிடம்தான் அவள் இன்னும் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரியாது. எல்லாரும் சின்னவளின் முகத்தைப் பார்த்தார்கள். புருஷன் மேசைக்கு அடியில் அவள் காலைத் தட்டினான். அவர் சொன்னதில் முதல் வாக்கியத்தை அவள் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். எந்த வார்த்தையை உருவினால் உடையும் என்று தேடினாள். உடையவில்லை.

"ஆமாம் அத்தான்," என்றாள்.

சமையலறையில் அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்ன, இன்னொரு பொய்யா?"

"இல்லக்கா. அந்த மனுஷன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அதான். எப்படி மறுக்கறது?"

அக்கா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கை விலகியதும் பல் போன இடம் தெரியச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் முதலாவதாகச் சிரித்ததைச் சின்னவள் அன்றுதான் பார்த்தாள். கூடத்திலிருந்து புரொபசர், "அங்க என்ன?" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு கூடியது. கொஞ்ச நேரத்தில் அவர் புதிருக்குப் போய்விட்டார். ஏதோ ஒரு குழந்தை வாயைத் திறப்பதும், "தப்பு. அடுத்தது நீ" என்பதும் கேட்டது.

சின்னவள் இப்போது மேற்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். முன்மேசை வேலையும் இருக்கிறது. புரொபசரைப் பற்றி யாராவது கேட்டால், "யாரு? எங்க அத்தானா? சும்மா இருக்கார்" என்பாள். இளக்காரம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதற்கு நேரம் ஒதுக்கத்தான் முடிவதில்லை.